வீட்டில் ஒரு நடைப்பொறி தேவையா?

நாள்தோறும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள் என்று மருத்துவர் கூறிவிடுகிறார். சொல்வது எளிது. காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் இறங்கினால் நாய்கள். ஏழு மணிக்கு மேல் பள்ளி வேன்களும் மோட்டார் சைக்கிள்களும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் எட்டு மணிக்கே சுடும் வெயில். நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் பாதியைக் கடைகள் பிடித்துக்கொண்டிருக்கும். இந்நிலையில், சில பத்தாயிரம் ரூபாய் செலவானாலும் சரி, டிரெட்மில் ஒன்றை வாங்கிக் கூடத்தில் போட்டுவிடலாமே என்ற எண்ணம் எழுவது இயற்கையே. ஆனால் அப்படி வாங்கிய சில வீடுகளில், ஆறு மாதம் கழித்து அதன் கைப்பிடியில் ஈரத்துணி காய்வதையும் காண்கிறோம். எனவே பணத்தை எடுத்து வைக்குமுன், இந்த நடைப்பொறி நமக்காக எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதைச் சற்று ஆராய்வோம்.

சிறையில் தொடங்கிய கதை

டிரெட்மில் என்ற பெயரில் உள்ள 'மில்' உண்மையாகவே மாவு மில்தான். 1818-ஆம் ஆண்டில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிறைக் கைதிகளை வேலை வாங்குவதற்காக ஓர் அகன்ற உருளையை வடிவமைத்தார். உருளையின் புறப்பரப்பு முழுவதும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிமேல் படியாக ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். அவர்களுடைய எடையால் உருளை கீழ்நோக்கிச் சுழலும். எவ்வளவு ஏறினாலும் நின்ற இடத்தில்தான் நிற்பார்கள்! சில சிறைகளில் இச்சுழற்சி தானியம் அரைத்தது. சிலவற்றில் நீர் இறைத்தது. சிலவற்றில் வெறும் காற்றைத்தான் அரைத்தது. 1898-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்துக்குப் பின் பிரிட்டனில் இக்கொடுமை கைவிடப்பட்டது.

மருத்துவம் இக்கருத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், 1950-களின் தொடக்கத்தில், இதய மருத்துவர் ராபர்ட் புரூஸும் பொறியாளர் வேய்ன் குவின்டனும் இதய நோயாளிகளைச் சோதிப்பதற்கென மோட்டாரால் ஓடும் நடைப்பொறியை உருவாக்கினர். புரூஸ் வகுத்த சோதனைமுறையே இன்றும் நம் மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்ற பெயரால் வழங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகம் கூட்டப்படும். கூடவே சாய்வும் கூட்டப்படும். முதற்கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆயினும் சாய்வு 10 சதவீதம். இதயத்தின் திறனை அறிய மருத்துவர் வேகத்தை மட்டும் நம்பாமல் சாய்வையும் ஏன் நாடினார்? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

பட்டை ஓடினால் கால் சும்மா வருமா?

பொறியின் அமைப்பு எளியது. முன்னும் பின்னும் இரண்டு உருளைகள். அவற்றைச் சுற்றி ஓடும் முடிவில்லாப் பட்டை. பட்டைக்கு அடியில் நம் எடையைத் தாங்கும் வழவழப்பான பலகை. மோட்டார் முன் உருளையைச் சுழற்றுகிறது.

இதைப் பார்ப்பவர் பலரும், "மோட்டார்தானே பட்டையை இழுக்கிறது, நாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் போதுமே, இது எப்படி நடையாகும்?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் விடை வேறு. ஒரு ரயில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் ஊர்கிறது என்று கொள்வோம். பெட்டிக்குள் ஒருவர், ரயில் செல்லும் திசைக்கு எதிராக அதே வேகத்தில் நடக்கிறார். பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அவர் ஒரே இடத்தில் காலை ஆட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஆனால் அவர் கால்களுக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. நின்றுகொண்டிருக்கும் பெட்டியில் நடப்பதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ அவ்வளவே இப்போதும் வேண்டும். சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறையில் இருப்பவர், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் அறிய முடியாது என்று கலிலியோ 1632-இல் எழுதினாரே, அதே தத்துவம்தான் இது. நடைப்பொறியின் பட்டை தரையில் விரித்த ரயில் பெட்டியே.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: வேகம் சீராக இருக்க வேண்டும். கால் பதியும்போதெல்லாம் பட்டை தயங்கி, கால் எடுத்ததும் துள்ளி ஓடினால் இத்தத்துவம் பொருந்தாது, நடையும் தடுமாறும். நல்ல பொறிக்கும் மட்டமான பொறிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சாலைக்கும் பொறிக்கும் உண்மையான வேறுபாடு காற்றில் உள்ளது. சாலையில் ஓடுபவர் காற்றைப் பிளந்துகொண்டு ஓடுகிறார்; பொறியில் அது இல்லை. விரைவாக ஓடுவோர் பட்டையை 1 சதவீதம் சாய்த்துக்கொண்டால் இக்குறை ஈடாகும் என்று 1996-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நடப்பவருக்கு இது பொருட்டன்று. ஆனால் காற்றில்லாததால் வேறொரு தொல்லை உண்டு. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கே வேலையாகிறது, எஞ்சியது வெப்பம். சாலையில் நாம் நடப்பதாலேயே உண்டாகும் இளங்காற்று வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கிறது. சன்னல் மூடிய அறையில், அதுவும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில், வியர்வை வழியுமேயன்றி உலராது. எனவே விசிறி இல்லாத அறையில் நடைப்பொறியைப் போடுவது வீண்.

வேகமா, சாய்வா?

இனிக் கணக்குக்கு வருவோம். சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர், தம் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 12 மில்லிலிட்டர் அளவுக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கலோரி (உணவியலார் கூறும் பெரிய கலோரி) எனக் கொள்ளலாம். ஆகவே 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 105 கலோரியைச் செலவிடுகிறார். இதில் 30 கலோரி, அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். கூடுதல் செலவு 75 தான். இரண்டு இட்லிக்கும் இது ஈடாகாது! நடையால் மட்டுமே உடல் இளைத்துவிடும் என்று எண்ணிப் பொறி வாங்குவோர் ஏமாறுவது இதனால்தான். இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நடையால் வரும் நன்மை வேறு கணக்கு. அதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2020-இல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இப்போது வேகத்தைத் தொடாமல் பட்டையை 5 சதவீதம் மட்டும் சாய்ப்போம். அரை மணி நேரச் செலவு 105 கலோரியிலிருந்து ஏறக்குறைய 175 கலோரிக்கு உயர்கிறது! ஓட வேண்டியதில்லை, பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியும் கூடுவதில்லை. திருச்சியிலோ தஞ்சையிலோ வீட்டு வாசலில் இப்படி ஒரே சீராக ஏறும் அரை மணி நேரச் சாலை எங்கே கிடைக்கும்? புரூஸ் சாய்வை நாடிய காரணம் இதுவே. என் எண்ணத்தில், நடப்பவருக்கு இப்பொறி தரும் உண்மையான ஆதாயம் இந்தச் சாய்வுதான். சாய்வில்லாத பொறியை வாங்குபவர் பாதிப் பொறியைத்தான் வாங்குகிறார்.

இங்கே ஒரு புதிர். நடப்பவர் உண்மையில் ஓர் அங்குலமும் உயரவில்லை; அப்படியானால் அந்தக் கூடுதல் வேலை எங்கே போகிறது? பட்டைக்குத்தான்! சாய்ந்த பட்டையை நம் எடை கீழ்நோக்கித் தள்ளுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 10 சதவீதச் சாய்வில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால் பட்டைக்கு ஏறக்குறைய 80 வாட் திறனைத் தருகிறார். மோட்டாரின் சுமை அந்த அளவுக்குக் குறைகிறது. கியூபிட்டின் கைதி தானியம் அரைத்தான். நாம் நம் மோட்டாருக்கே உதவி செய்கிறோம்.

இந்த இடத்தில்தான் ஓர் ஏமாற்றும் நடக்கிறது. சாய்வைக் கூட்டிவிட்டுக் கைப்பிடியைப் பற்றித் தொங்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிவிடுவதால் கால்களின் உழைப்பு குறைந்துவிடுகிறது. பொறியிலுள்ள கலோரிக் காட்டிக்கு இது தெரியாது. வேகத்தையும் சாய்வையும் வைத்துக்கொண்டு அது தன் பாட்டுக்குக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

மோட்டாரைப் பற்றி

கடைக்காரர் முதலில் கூறுவது குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆனால் விளம்பரத்தில் வரும் பெரிய எண் பெரும்பாலும் உச்சத் திறன். சில நொடிகளே தாங்கக்கூடியது. தொடர்ந்து எவ்வளவு தரும் என்று கேளுங்கள். மோட்டாரின் முக்கிய வேலை, நம் எடையால் பட்டைக்கும் பலகைக்கும் இடையே எழும் உராய்வை வெல்வதாகும். உராய்வெண் 0.2 எனக் கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் மேற்கண்ட வேகத்தில் நடக்கச் சுமார் 160 வாட் வேண்டும். 90 கிலோ எனில் 245 வாட். பலகையில் சிலிகோன் எண்ணெய் வற்றினால் உராய்வெண் ஏறும், மோட்டார் சூடேறும். எடை மிகுந்தவர் மிக மெதுவாக நடப்பதுதான் மோட்டாருக்குப் பெருஞ்சோதனை: இழுவிசை மிகுதியாக வேண்டும், அதே நேரத்தில் மோட்டாரோடு சேர்ந்து சுழலும் குளிர்விப்பு விசிறியோ மெதுவாகச் சுற்றும்.

மின்செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சராசரி 500 வாட் என்று தாராளமாகக் கொண்டாலும் அரை மணிக்குக் கால் யூனிட்தான். ஆனால் எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் செருகுவாய் வேண்டும். பட்டையின் நீளம் நடப்பதற்கு 120 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், ஓடுவதற்கு 140-க்குக் குறையாமலும் இருப்பது நல்லது. மோட்டாரே இல்லாத மலிவான பொறிகளும் உண்டு. அவற்றில் உராய்வை நம் கால்களே வெல்ல வேண்டும். அதற்காகக் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். முதியவர்களுக்கு அவை ஆகா.

வாங்கலாமா?

தினசரிக் காலண்டரின் துணையால் இதைத் தீர்மானிக்கலாம். ஒரு மாதம் வெளியே நடக்க முயலுங்கள். நடக்காத நாளின் தாளில் காரணத்தை எழுதி வையுங்கள். மழை, நாய், இருட்டு, வாகனப் புகை, படுக்கையிலுள்ள பெரியவரைத் தனியே விட்டுச் செல்ல முடியாமை ஆகியவையே மிகுதியாக இருந்தால், உங்களுக்குக் குறையாயிருப்பது சாலை. அதைப் பொறி தரும். 'அசதி', 'தூங்கிவிட்டேன்', 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தாள்கள் நிறைந்தால் பொறியும் அதே பதிலைத்தான் பெறும். அதைவிட மோசமாகவும் ஆகலாம். சாலையில் ஒன்றரை கிலோமீட்டர் சென்றுவிட்டவர் எப்படியும் ஒன்றரை கிலோமீட்டர் திரும்பி வந்தாக வேண்டும். பொறியில், நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நெஞ்சுவலி, தலைச்சுற்றல், மூட்டு வலி உள்ளோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். சட்டையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றை எவரும் அலட்சியம் செய்யலாகாது. விழுந்தால் பட்டையை நிறுத்துவது அதுதான். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் பெலோட்டான் நிறுவனம், ஒரு குழந்தை இறந்த பின்னர், தன் 'டிரெட் பிளஸ்' வகைப் பொறிகள் 1,25,000-ஐத் திரும்பப் பெற நேர்ந்தது. பொறியின் பின்புறம் குழந்தைகள் இழுத்துக்கொள்ளப்படும் அபாயமே காரணம். பயன்படுத்தாத நேரத்தில் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். பொறியின் பின்னே இரண்டு மீட்டராவது காலியாக விடுங்கள்.

துணி காயப்போட்ட வீடுகளிலிருந்து நல்ல பொறிகள் பாதி விலைக்குக் கிடைப்பதும் உண்டு. அப்படி வாங்கச் செல்லும்போது வீட்டில் எடை மிகுந்தவரை அழைத்துச் செல்லுங்கள். மிகக் குறைந்த வேகத்தில் பட்டையை ஓடவிட்டு, அவரைக் கைப்பிடியைத் தொடாமல் பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். அவர் கால் பதியும்போதெல்லாம் பட்டை தயங்குமானால், அல்லது மோட்டார் மூடியிலிருந்து சூட்டு வாடை வருமானால், விலை பேசாமல் திரும்பிவிடலாம்.