தூக்குவாளி துணையோடு நடந்தேன்!

"சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கு. தினமும் அரை மணி கை வீசி நடங்கம்மா" என்றார் டாக்டரம்மா. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்கிறதாம் உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் எங்கள் வேப்பந்தட்டையில் ஒரு பெண் சும்மா நடந்தால், "எங்கே கிளம்பிட்டே?" என்று நாலு பேர் கேட்பார்களே! அதனால் வெறும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன். பால் வாங்கப் போகிறேன் என்று நினைக்கட்டும்!

விடியலில் மேற்கே பச்சைமலையைப் பார்த்தபடி நடந்தேன். சில மாதங்களில் மூச்சிரைப்பு குறைந்தது. அரையாண்டு லீவில் குடும்பத்தோடு கோரையாறு அருவிக்குப் போனோம். கல்லும் முள்ளுமான பாதையில் எங்க வீட்டுக்காரர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், நான் உட்காரவில்லை!

சின்னக் குழந்தைகள் இருந்தால், பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றில் கட்டிய விசுவக்குடி அணைக்குப் போகலாம்.

சகோதரிகளே, சில எச்சரிக்கைகள்: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் அருவி அழகு. ஆனால் மலைமேல் மழை என்றால், கீழே வெயிலடித்தாலும் ஓடையில் இறங்காதீர்கள். திடீரென்று வெள்ளம் வரும். பாசிக்கல் வழுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். மயக்கம் வந்தால் வாயில் போட ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும்.

இப்போது என் தூக்குவாளி பரணில். "எங்கேக்கா?" என்றாள் எதிர்வீட்டு மருமகள். "நடக்கத்தான்!" என்றேன். மறுநாள் அவளும் வந்தாள், கையில் வெறும் கூடையோடு!