தராசில் ஏறும் ஹாக்கி மட்டை

ஒரு கிலோ பருப்பு என்றால் ஒரு கிலோ இருக்க வேண்டும். தராசில் அந்த ஆண்டின் முத்திரை இருக்க வேண்டும். இது நமக்குப் பாடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டுச் சாமான்களுக்கும் இதே போல் கிராம் கணக்கும் மில்லி மீட்டர் கணக்கும் உண்டு என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். ஹாக்கிக்குப் பெயர் பெற்ற கோவில்பட்டியில் கடை நடத்தும் நாம் அதைத் தெரிந்து கொள்வது அவசியம். மகனுக்கு மட்டை வாங்க வரும் தகப்பனார் நம்மை நம்பித்தான் பணத்தை எடுத்து வைக்கிறார்.

தரை மாறியது, ஆட்டம் மாறியது

கரிசல் மண்ணின் குணம் நாம் அறிந்ததே. மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் பந்து சீராக உருளாது. வேறு மண்ணைக் கொட்டிச் சமன் செய்த தரையிலும் பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தரையில் பந்தை மட்டையோடு ஒட்டி வைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஆடுபவனே கெட்டிக்காரன். இந்தியா முழுவதும் அதுதான் நம் ஆட்டமாக இருந்தது. 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம், மீண்டும் 1964-இல் ஒன்று என்று வென்றதும் அந்த ஆட்டத்தால்தான். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையும் கிடைத்தது.

மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. செயற்கைத் தரையில் பந்து துள்ளாமல் நேராகவும் வேகமாகவும் ஓடும். எனவே நீண்ட அடியும் ஓடும் வலுவும் முக்கியமாயின. மற்ற நாடுகள் தரைக்குத் தரை விரித்தன. நம் பிள்ளைகளோ வெகு காலம் மண்ணில்தான் பழகினார்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் கிடைத்தது உண்மை. ஆனால் பல முன்னணி நாடுகள் அங்கே வரவில்லை. அதன்பின் அடுத்த பதக்கம் 41 ஆண்டுகள் கழித்து, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கிடைத்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தரை மாறியதைக் கவனித்தும் நாம் அதற்குத் தயாராகாதது பெரிய காரணம்.

மரத்திலிருந்து கார்பனுக்கு

மட்டையும் அதேபோல் மாறியது. ஆங்கிலேயர் ஆடிய பழைய மட்டை ஆஷ் மரத்தில் செய்தது. அதன் தலை நீளமானது. நம் நாட்டுத் தொழிலாளர்கள் நன்றாக வளையும் மல்பெரி மரத்தில், தலை குறுகிய மட்டைகளைச் செய்தார்கள். பந்தை இரு பக்கமும் திருப்ப அது வசதியாக இருந்ததால் உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. 1947 பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறி இத்தொழிலை வளர்த்தார்கள்.

இன்று பெரிய போட்டிகளில் மர மட்டையைக் காண்பது அரிது. பைபர் கிளாஸ், கார்பன் இழை, அராமிட் இழை ஆகியவற்றைப் பசையில் தோய்த்து அச்சில் வைத்துச் செய்யும் காம்போசிட் மட்டைகள் வந்துவிட்டன. கார்பன் கூடக்கூட மட்டை விறைப்பாகும், அடிக்கு வேகம் கிடைக்கும். ஆனால் வரும் பந்தை நிறுத்துவது கடினமாகும். ஆகவே ஆரம்பப் பள்ளிப் பையனுக்குக் கார்பன் அதிகமுள்ள விலை உயர்ந்த மட்டை உதவாது. பைபர் கிளாஸ் மட்டையே போதும். இதைச் சொன்னால் நமக்கு லாபம் குறையும். ஆனால் அந்தக் குடும்பம் மறுபடியும் நம் கடைக்கு வரும்.

பந்தும் குழியும்

பந்தைப் பற்றிய பாடத்தைக் கோல்ப் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம். கோல்ப் நமக்குத் தூரமான ஆட்டம்தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மைதானத்தைப் பார்த்திருப்போம். 1848 வாக்கில் மலேயாப் பக்கத்து மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் கோல்ப் பந்து செய்யத் தொடங்கினார்கள். வழவழப்பான புதுப் பந்தை விட, அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்தே தூரம் போவதை ஆடுபவர்கள் கண்டார்கள். அந்தக் கீறல்களை வேண்டுமென்றே போட்டுப் பார்த்ததில் பிறந்ததுதான் இன்றைய குழிப் பந்து. பழுது என்று தள்ளிவிடாமல் ஏன் என்று கேட்டதால் கிடைத்த லாபம் அது.

இன்று கோல்ப் பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, விட்டம் 42.67 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. அடிக்கும் பந்தின் வேகத்தை ரேடார் கருவி அளக்கிறது. ரயில் கோவில்பட்டி நிலையத்தை நெருங்கும்போது ஊதல் ஒலி கூர்மையாகவும், கடந்து போகும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? அந்த மாற்றத்தைக் கொண்டே வேகத்தைக் கணக்கிடலாம். டாப்ளர் என்ற அறிஞர் 1842-இல் கூறிய தத்துவம் இது. ரேடார் ஒலிக்குப் பதில் ரேடியோ அலையை அனுப்பி, பந்தில் பட்டுத் திரும்புவதை அளக்கிறது. ஹாக்கிப் பயிற்சியிலும் கோல் அடிக்கும் வேகத்தை இப்படி அளக்கிறார்கள்.

ஹாக்கிப் பந்திலும் சிறு குழிகள் உண்டு. நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கி மிதந்து போகாமல் ஓட அவை உதவுகின்றன.

நம் கடையிலேயே சோதிக்கலாம்

உலக ஹாக்கிச் சம்மேளன விதிகளில் பலவற்றை நம் கடைச் சாமான்களைக் கொண்டே சரிபார்க்கலாம் என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி.

மட்டையின் எடை 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நம் மின்னணுத் தராசில் வைத்தாலே தெரிந்துவிடும். நீளம் 105 சென்டி மீட்டருக்கு மேல் கூடாது. பந்து 156 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும், சுற்றளவு 22.4 முதல் 23.5 சென்டி மீட்டர் வரை. தையல்காரரின் டேப்பே போதும்.

மட்டை முழுவதும் 51 மில்லி மீட்டர் உள்விட்டமுள்ள வளையத்தின் வழியே போக வேண்டும். லேத் பட்டறையில் சொன்னால் வளையம் கடைந்து தருவார்கள். தட்டைப் பக்கம் கீழிருக்க மட்டையைச் சமமான மேசையில் வைத்தால், நடுவில் வளைவு எழும்பி நிற்கும். 25 மில்லி மீட்டர் கனமுள்ள கம்பி அதன் அடியில் நுழைந்து போனால் வளைவு அதிகம். அந்த மட்டையோடு பையன் போட்டிக்குப் போனால் நடுவர் ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஒன்றை மட்டும் நாம் சோதிக்க இயலாது. மட்டைத் தலையின் வேகத்தில் 98 சதவீதத்துக்கு மேல் பந்தின் வேகம் போகக் கூடாது என்பது விதி. அதாவது தலை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வந்தால் பந்து 78.4 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. எதிரே நிற்பவன் உடம்பைக் காக்கும் விதி இது. ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க முடியும். எனவே பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கி அடுக்கும் முன் யோசிக்க வேண்டும். 'கார்பன்' என்று பெரிய எழுத்தில் இருந்து, எத்தனை சதவீதம் என்று எங்கும் இல்லாவிட்டால், மொத்த வியாபாரியிடம் கேட்டே வாங்குங்கள்.

விதைத்தது விளைந்தது

கோவில்பட்டி கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை மைதானம் வந்தபின் நம் ஊர்ப் பிள்ளைகளும் உலகம் ஆடும் தரையிலேயே பழக முடிந்தது. 2022 மே மாதம் தேசிய ஜூனியர் ஆடவர் போட்டி இங்கேயே நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில், கோவில்பட்டி விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்திய அணியில் ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலம் பெற்றது.

திறமை நம் மண்ணில் என்றும் இருந்தது. சரியான தரையும் சரியான சாமானும் சேர்ந்தபோது அது வெளியே தெரிந்தது. தரையை அரசு தந்தது. சரியான சாமானைத் தருவது கடைக்காரர் கையில் இருக்கிறது. அரிசிக்குக் காட்டும் நேர்மையை மட்டைக்கும் காட்டுவோம்; அதற்கு வேண்டிய தராசு ஏற்கெனவே நம் மேசை மேல் இருக்கிறது.