அலமாரி மறைத்த ராக் ஆல்பம்

தமிழ்ப் பாட்டுக்கும் ராக் இசைக்கும் ஒட்டாது என்று நினைப்பவர்கள் 2011-இல் வந்த ‘வேல்’ ஆல்பத்தை ஒருமுறை கேட்க வேண்டும். பாடியவர் சுசீலா ராமன். 1973-இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், வளர்ந்தது சிட்னியில், சிறு வயதில் கர்நாடக சங்கீதம், பிறகு ராக் குழு. இவருடைய முதல் ஆல்பமான ‘சால்ட் ரெயின்’ 2001-இல் பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. அப்போது கிடைத்த கவனத்தில் கால்வாசியாவது ‘வேலு’க்குத் தமிழ் மண்ணில் கிடைத்திருக்க வேண்டும். இரண்டில் துணிச்சலான படைப்பு இதுதான்.

இதிலுள்ள ‘பால்’ என்ற முருகன் பாட்டை, பக்திப் பாடகி கோவை கமலாவிடம் சுசீலா கற்றார். அடங்கிய குரலில் தொடங்கும் பாட்டு, சொன்ன அடியையே திரும்பத் திரும்பச் சொல்லி உருவேறுகிறது. தாளம் இறுகி, குரல் கத்தலின் விளிம்புக்கே போய்விடுகிறது. கிட்டார் இங்கே பக்கவாத்தியமாக ஒதுங்கி நிற்பதில்லை, தாளத்தோடு சேர்ந்து பாட்டை முன்னே தள்ளுகிறது. மேற்கத்திய ராக் ரசிகர் இதை ராக் இசையின் இலக்கணம் என்பார். புதுச்சேரியின் வடக்கு எல்லையில் கனகசெட்டிக்குளம் தொடங்கி இந்தக் கடற்கரை நெடுக வாழ்பவர்களுக்கோ வேறொன்று நினைவுக்கு வரும். அம்மன் கோயில் செடல் திருவிழாவில் பம்பை மேளக்காரர் சாமியை வரவழைக்கும் முறையும் இதேதான்: நிதானமாக அழைப்பார், அதே அடியைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுவார், அருள் வந்து ஆடும்வரை விடமாட்டார். ராக் இசையை வெளியிலிருந்து கொண்டுவந்து ‘வேல்’ தமிழில் ஒட்டவைக்கவில்லை. நம் பக்தி இசைக்குள் ஏற்கெனவே இருந்த அந்த வெறியை மின்சாரக் கிட்டாரின் பக்கத்தில் நிறுத்திக் காட்டியது.

அப்படியிருந்தும் ஏன் தவறவிட்டோம்? 1987-இல் லண்டனில் சில இசை நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஒரு மதுக்கடையின் மாடியில் கூடி, ஆங்கிலமல்லாத இசையைக் கடைகளில் எந்த அலமாரியில் வைப்பது என்று பேசினார்கள். ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற விற்பனைப் பெயர் அங்கேதான் முடிவானது. பல கலைஞர்களுக்கு அது வாசலைத் திறந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்த அலமாரிக்குப் போன தட்டை ராக் விமர்சகர்கள் ராக் என்று எடுத்துக் கேட்பதில்லை. இங்கேயோ பக்திப் பாட்டுக்குத் தனிக் கடை, மற்றதெல்லாம் சினிமா. கதாநாயகன் வாயசைக்காத பாட்டுக்கு வானொலியிலும் நேரமில்லை. ‘வேல்’ இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தது.

முருகன் பாட்டில் மின்சாரக் கிட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. யு.ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் தியாகராஜ கீர்த்தனை வாசித்ததை நம் சங்கீத சபைகள்தான் கொண்டாடின. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும் அப்படித்தான் கச்சேரி மேடை ஏறியது. வாத்தியம் எந்த ஊருடையது என்ற கேள்வியை நாம் எப்போதோ கடந்துவிட்டோம். இங்கே உறுத்துவது வாத்தியமே அல்ல, அதன் ஆவேசம் என்று நினைக்கிறேன். அலகு குத்திக் காவடி எடுக்கும் பக்திக்கு ஆவேசம் புதிதா என்ன?

உச்சரிப்பு பற்றிய குறை இன்னும் நியாயமானது. சுசீலாவின் தமிழில் அயல் வாடை இருக்கத்தான் செய்கிறது. தமிழே தெரியாத பின்னணிப் பாடகர்களுக்குப் பல ஆண்டுகளாகக் காட்டிவரும் பொறுமையை, தமிழைத் தேடி வந்து கற்ற ஒருவருக்கு மறுப்பது சரியல்ல. மேலும் இந்தப் பாட்டுகளில் சொல் அர்த்தத்துக்காக மட்டும் வருவதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்து, தாளமாகவே ஆகிவிடுகிறது.

2007-இல் சுசீலா, ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதலானோரின் பாட்டுகளைப் பாடி வெளியிட்ட ஆல்பத்துக்கு, எல்.பி. தட்டு சுற்றும் வேகத்தையே பெயராக வைத்தார்: 33⅓. அதைக் கேட்டுவிட்டு ‘வேலு’க்கு வந்தால், முருகன் பாட்டைப் பாடும் குரல் எந்தப் பட்டறையில் தீட்டப்பட்டது என்பது விளங்கும். கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டாம். தோல் கருவிகளின் அடிநாதம் அதில் எழும்பாது.