போனில் ஓடும் படத்துக்குப் பின்னால் இவ்வளவா? தெரியுமா உங்களுக்கு!

எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து போனில் படம் பார்க்கிறீர்கள். சட்டென்று கதாநாயகன் முகம் கட்டம் கட்டமாகிறது. இரண்டு நிமிடத்தில் பளிச்சென்று தெளிகிறது. நடுவில் என்ன நடந்தது, தெரியுமா?

துண்டு துண்டாக வரும் படம்!
ஸ்ட்ரீமிங்கில் முழுப்படம் ஒரே மூச்சில் வருவதில்லை! சில நொடிகள் மட்டுமே ஓடும் சின்னத் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் முன்கூட்டியே தயார்! சிக்னல் குறைந்தால் போன் தானாகவே மெலிந்த துண்டைக் கேட்டு வாங்கும். சிக்னல் ஏறினால் கொழுத்த துண்டு! நீங்கள் வசனம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இத்தனை பேரமும் நடந்து முடிகிறது!

1,000 ஜிபி எங்கே போனது?
இரண்டு மணி நேர எச்டி படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் எவ்வளவு டேட்டா ஆகும்? ஏறத்தாழ 1,000 ஜிபி! ஆனால் உங்கள் கைக்கு வருவது அதிகம் போனால் 6 ஜிபி. நாலரை கிலோ கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆவதையே பெரிய சுருக்கம் என்கிறோம். இங்கே 170 பங்கு ஒரு பங்காகிறது! அதுவும் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாமல்!

தரத்துக்கு என்ன விலை?
நெட்ஃபிளிக்ஸில் குறைந்த தரம் வைத்தால் மணிக்கு சுமார் 0.3 ஜிபி. எச்டி என்றால் 3 ஜிபி வரை. 4கே என்றால் 7 ஜிபி வரை! 4கே திரையில் புள்ளிகள் மட்டும் 82 லட்சத்துக்கு மேல்! உள்ளங்கை அகலப் போனில் அத்தனையையும் கண் பிரித்துப் பார்க்குமா? பார்க்காது! டேட்டா கார்ட் போடுகிறவர்களே, கேட்டுக்கொண்டீர்களா?

தேயிலைத் தோட்டத்தில் விழுந்த இன்டர்நெட்!
வானத்தில் பலூன் பறக்கவிட்டு இன்டர்நெட் தரப் பார்த்தது கூகுள். அதன் ஒரு பலூன் 2016 பெப்ரவரியில் எங்கே வந்து இறங்கியது தெரியுமா? நம்ம கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில்! விழுந்துவிட்டதோ என்று ஊரே பரபரத்தது. திட்டமிட்டுத்தான் இறக்கினோம் என்றார்கள் பொறுப்பானவர்கள்! அந்தப் பலூன் திட்டத்தையே 2021இல் மூடிவிட்டார்கள்.

35,786 கிலோமீட்டர் வந்து, மழையில் மாட்டும்!
டிஷ் டிவிக்குப் படம் அனுப்பும் செய்மதி பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் சுகமாக வரும் சிக்னலைக் கடைசிச் சில கிலோமீட்டரில் மழைத்துளிகள் விழுங்கிவிடுகின்றன! சப்ரகமுவ மழையில் டிவி ‘சிக்னல் இல்லை’ என்று கைவிரிப்பது இதனால்தான். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் செய்மதிகளோ சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன!

7 ஒஸ்கார் வாங்கிய கேகாலை ஆறு!
7 ஒஸ்கார் வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்தில் வரும் பாலம் எங்கே இருந்தது? நம்ம கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவில், களனி கங்கைக்கு மேலே! 1957இல் உண்மையான பாலத்தைக் கட்டி, உண்மையான ரயிலை ஓட்டி, உண்மையாகவே வெடித்துத் தகர்த்தார்கள்! முதல் முயற்சியில் வெடிக்க வைக்க முடியவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் அக்கரையில் ஜெனரேட்டரில் மோதியது! மறுநாள் சரிசெய்து மறுபடி ஓட்டி வெடித்தபோது, பார்க்க வந்திருந்தவர் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க!

ஒரு வாரம் காணாமல் போன படச்சுருள்!
அந்த வெடிப்பைப் படம்பிடித்த சுருள்கள் விமானத்தில் லண்டனுக்குக் கிளம்பின. போய்ச் சேரவில்லை! உலகம் முழுக்கத் தேடினார்களாம். ஒரு வாரம் கழித்து கெய்ரோ விமான நிலையத்தில், கொதிக்கும் வெயிலில் கிடந்தனவாம்! கழுவிப் பார்த்தால் ஒரு கீறல் இல்லை! இன்று ஒரு துண்டு வர அரை நொடி பிந்தினாலே போனைத் தட்டுகிறோமே!

படத்தில் இல்லாத தமிழர்கள்!
அந்தப் படக் கதையின் நிஜ ரயில் பாதை தாய்லாந்தில் (அன்றைய சயாமில்) இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதைப் போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். ஏராளமானோர் அங்கேயே மாண்டார்கள். படத்தின் கதையோ வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே ஓடுகிறது!

தபாலில் வந்த நெட்ஃபிளிக்ஸ்!
நெட்ஃபிளிக்ஸ் தொடக்கத்தில் டிவிடியைத் தபாலில் அனுப்பிய கம்பெனி! 1998 முதல் 2023 வரை போன டிவிடிகள் 500 கோடிக்கும் மேல்! 2000இல் ‘எங்களை 5 கோடி டொலருக்கு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பிளாக்பஸ்டர் கம்பெனியிடம் போய் நின்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்! பத்தே வருடத்தில் பிளாக்பஸ்டர் திவால்!

அங்கே இருக்கிற படம் இங்கே ஏன் இல்லை?
2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் திறந்தது நெட்ஃபிளிக்ஸ். இலங்கையும் அதில் ஒன்று! ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே பட்டியலா? இல்லவே இல்லை! படத்தின் உரிமை பல நேரம் நாடு நாடாகத் தனித்தனியே விற்கப்படுகிறது. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் பார்க்கும் படம் கேகாலையில் கிடைக்காமல் போவது அதனால்தான்!

ஒரே படம், ஆளுக்கொரு போஸ்டர்!
அண்ணன் போனில் சண்டைப் போஸ்டர், தங்கச்சி போனில் காதல் போஸ்டர். படம் ஒன்றே! நீங்கள் எதைப் பார்த்து ரசிப்பவர் என்று கணக்குப் போட்டுப் போஸ்டரையே மாற்றுகிறார்கள். ஏன் இந்தப் பாடு? 60 முதல் 90 நொடிக்குள் எதுவும் பிடிக்காவிட்டால் ஆள் கிளம்பிவிடுவார் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார்களே!

தியேட்டருக்கே போகாத தேசிய விருதுப் படம்!
2020இல் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. மே 29இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமில் வந்தது. நவம்பரில் அதே வழியில் ‘சூரரைப் போற்று’! விளைவு? சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை உட்பட 5 இந்திய தேசிய விருதுகள்!

எதிரி யார், தெரியுமா?
நெட்ஃபிளிக்ஸுக்குப் பெரிய போட்டி எந்தக் கம்பெனி? அமேசானா? யூடியூப்பா? ‘தூக்கம்’ என்றார் அதன் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், 2017இல்! ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவது சும்மாவா? அதையும் நிறுத்தலாம்! அமைப்புகளுக்குள் போய் ஒரே ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்!