தட்டைப் பிரிக்கிறோம்... ஜன்னலைச் சாத்துகிறோம்!

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் முதலில் என்ன நடக்கும்? அவருடைய தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். பாய் மூலைக்குப் போய்விடும். மதுரை செல்லூரானாலும் சரி, மேலூர்ப் பக்கத்துக் கிராமமானாலும் சரி, இதில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆனால், அதே வீட்டு ஜன்னல் கொசுவுக்குப் பயந்து சாத்தியே கிடக்கும்.

காசநோய் பரவுவது காற்றில். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தட்டு, டம்ளர் வழியாக இந்த நோய் தொற்றுவதில்லை.

இதை உலகத்துக்குப் புரியவைத்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு அவர்களின் நெருக்கடியான வீடுகளிலேயே மருந்து கொடுத்தது. முடிவு 1959-ல் வந்தது. குணமானதில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்தால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்தான காலம், நோய் இருப்பதே தெரியாமல் இருமிக்கொண்டிருக்கும் அந்த மாதங்கள்தான்.

அப்படியானால் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். காரணம் பெரும்பாலும் கூச்சம். தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ‘அந்த வீட்டுக்காரங்க தோப்பூருக்குப் போனாங்களாம்’ என்ற ஒரு வார்த்தை, கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டை வாய்மூட வைக்கப் போதும். முகக்கவசம் போட்டால் தெருவுக்கே தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்களும் உண்டு. அடுத்தது கூலி. பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய சம்பளம் போச்சு. மெடிக்கலில் இருமல் டானிக் வாங்கினால் ஐந்து நிமிடம். விழிப்புணர்வு போஸ்டர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

தடுப்பு மாத்திரைக்கும் இதே கதிதான். நோயாளியுடன் வசிப்பவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்தபின் ஆறு மாதம் தினமும் அல்லது மூன்று மாதம் வாரம் ஒருமுறை மாத்திரை தரப்படுகிறது. ‘நல்லாயிருக்குற பிள்ளைக்கு எதுக்குங்க மாத்திரை?’ என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்வி. கிருமி உடலுக்குள் வருடக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு விழிக்கலாம் என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும்.

சோறும் தடுப்பு மருந்துதான். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அந்தப் பணத்தில் வாங்கும் முட்டையை நோயாளி மட்டும் சாப்பிடாமல் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தால், அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சந்தேகம் கேட்க: 1800-11-6666.