பிச்சாவரத்தில் ஒரு பகற்பொழுது

சிதம்பரத்துக்கு யாத்திரை செல்லும் நம்மவர், கூத்தப் பெருமானைத் தரிசித்து, ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் கண்டு மீள்வது வழக்கம். அத்தலத்துக்குத் தில்லை என்னும் பெயரை ஈந்த மரத்தைக் கண்டு வருவோர் மிகச் சிலரே. ஊரைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்றில்லை. அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்று பிச்சாவரத்தை அடைதல் வேண்டும். திருவாதிரைத் தரிசனத்துக்குக் குடும்பத்துடன் சென்றிருந்த நான், மறுநாட் பகற்பொழுதை அங்கே ஓடத்திற் கழித்தேன்.

காவிரியின் வடகிளையாகிய கொள்ளிடம் தெற்கேயும், வெள்ளாறு வடக்கேயும் கடலோடு கலக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையிற் கிடப்பது பிச்சாவரம். விரைந்து வரும் ஆறு கடலை அணுகியதும் வேகம் குன்றுகின்றது; தான் சுமந்து வந்த வண்டலை இறக்கி வைக்கின்றது. அவ்வண்டல் திட்டுக்களாக உயர, நீர் பல வாய்க்கால்களாகப் பிரிந்து அவற்றைச் சூழ்ந்தோடுகின்றது. கழிமுகம் உருவாகும் முறை இதுவே. பிச்சாவரத்தில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேயர் பரப்பிலுள்ள இத்திட்டுக்களும் வாய்க்கால்களுமே கண்டற்காட்டின் இருப்பிடம். மாரியில் ஆற்று நீரும், கோடையிற் கடல் நீரும் இங்கு மேலோங்கும்.

ஓடம் ஒடுங்கிய வாய்க்காலொன்றிற் புகுந்ததும் மரக்கிளைகள் தலைக்கு மேற் கவிந்தன. "அப்பா, இந்த மரங்கள் ஏன் இத்தனை கால்களை ஊன்றி நிற்கின்றன?" என்று என் இளைய மகள் வினவினாள். நல்ல வினா. அவள் கண்டது சுரபுன்னை. குழைந்த சேற்றில் ஒரே அடிமரத்தை நம்பி நிற்றல் அரிது. ஆதலின் அது தண்டிலிருந்து வளைந்த வேர்களை நாற்புறமும் இறக்கித் தன்னைத் தாங்கிக்கொள்கின்றது. அயலில் நின்ற வெண்கண்டலின் வேர்களோ, பென்சில்களை நட்டாற்போலச் சேற்றினின்றும் மேல்நோக்கி எழுந்திருந்தன. நீர் ஊறிய சேற்றிற் பிராணவாயு இல்லை. வற்றில் நீர் இறங்கும்போது அவ்வேர்கள் நுண்துளைகள் வழியே காற்றை உட்கொள்கின்றன. வெண்கண்டல் மிகுதியான உப்பைத் தன் இலை வழியே வெளியேற்றுகின்றது. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்திற் தொங்கும்போதே முளைத்துவிடுகின்றது.

சற்று அப்பால் ஓடக்காரர் தில்லை மரமொன்றைக் காட்டினார். ஆச்சி ஓரிலையைப் பறித்துக் கண்களில் ஒற்றிக்கொள்ளும் ஆவலோடு கையை நீட்டினார். "தொடாதீர்கள் அம்மா! அதன் பால் பட்டாற் கண் போய்விடும்" என்று ஓடக்காரர் தடுத்தார். ஆச்சி கையை இழுத்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

பின்பு, நேராக வெட்டப்பட்ட வாய்க்கால்கள் சிலவற்றைக் கண்டோம். அவை இயற்கையானவை அல்ல; காட்டின் துயர வரலாற்றை உணர்த்துவன. ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை, காட்டைப் பகுதி பகுதியாக முற்றாக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய நிலம் வெயிலிற் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப்போலக் குழிந்தது. பெருக்கில் ஏறிய நீர் வற்றில் இறங்க வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிஞ்சியது, விழுந்த விதை முளைக்கவில்லை. விறகு வெட்டும் ஏழைகளும் அவர்தம் மாடுகளுமே காட்டை அழித்தனர் என்று பழி சுமத்தப்பட்டது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத்துறையினரோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, நீர் ஏறி இறங்க வழிசெய்து கன்றுகளை நட்டனர். காடு மீண்டது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த ஊர்கள், வெறுங்கரையில் இருந்த ஊர்களிலும் பார்க்கக் குறைந்த சேதமே அடைந்தன. காடு கடலைத் தடுத்து நிறுத்தும் மதிலன்று. நிலத்தின் உயரமும் கரையிலிருந்துள்ள தூரமும் துணைபுரிந்தன. எனினும் அலையின் வேகத்தைத் தணித்ததிற் காட்டுக்கும் பங்குண்டு.

அப்பேரலைக்குப் பின் நம் நாட்டிலும் கரையோரமெங்கும் கண்டற்கன்றுகள் ஆர்வத்தோடு நடப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பேணாததும் அதற்குரிய காரணங்களுட் சில. நட்டவர்களின் நல்லெண்ணத்திற் குறைவில்லை; நீரின் போக்கை முதலில் நோக்காமையே குறை. நம் களப்புக்களின் கரையில் ஒரு கன்றை நட முற்படுவோர், மண்வெட்டியை எடுக்குமுன் ஒருநாள் முழுதும் அங்கிருந்து, நீர் எதுவரை ஏறுகின்றது, எவ்வழி இறங்குகின்றது என்று பார்த்தல் நன்று.

பிற்பகலில் நீர் வற்றத் தொடங்கவே, ஓடக்காரர் துடுப்பை விரைந்து வலித்தார். வரும்போது நீருள் மறைந்திருந்த வேர்களெல்லாம் அப்போது வெளியே தெரிந்தன. கரை சேரும்வரை மகள் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள்.