மரபணு வலையும் மகளிர் நலமும்

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணமாக்கக் கூடியது கருப்பை வாய்ப் புற்றுநோய். ஆயினும், நாணத்தால் வாய் திறவாது முற்றிய பின்னரே மருத்துவரை நாடும் மகளிர் பலர்.

இந்நோயின் முதற்காரணம் மனிதப் பாப்பிலோமா வைரசு. 1983இல் இதன் 16ஆம் வகையை இப்புற்றுத் திசுவில் கண்டறிந்த செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். வைரசு தொற்றியோருள் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் தாமே நலமடைகின்றனர். சிலரிடமே அது நிலைத்துப் புற்றாகிறது. அச்சிலர் யாவர்? இதனை உணர்த்தவல்லனவே மூலக்கூற்று அடையாளங்கள்.

வலைப்பின்னல் ஆய்வு

திருவில்லிபுத்தூர் வழியே வரும் மதுரைச் சாலை இராசபாளையத்தை அடைந்ததும், தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் வழிகள் பிரிகின்றன. அங்குப் போக்குவரத்துத் தடைப்படின் பல ஊர்கள் இடர்ப்படும். மரபணுக்களிடையேயும் இத்தகைய சந்திகள் உள. நலமான திசுவையும் புற்றுத் திசுவையும் ஒப்பிட்டு, செயல் மாறுபட்ட மரபணுக்களைத் தெரிந்து, அவற்றின் தொடர்புகளைக் கணிப்பொறியில் கோடுகளாக வரைவர். கோடுகள் மிகுதியாகக் கூடுமிடமே மைய மரபணு. சி.டி.கே.1, டி.ஓ.பி.2ஏ, எம்.சி.எம்.2 ஆகியவை இவ்வாறு வெளிப்பட்டவை. எனினும் இவை விரைந்து பெருகும் எவ்வுயிரணுவிலும் மிகுவன; பிற புற்றுகளிலும் காணப்படுவன. எனவே மையமாக இருப்பது மட்டுமே அடையாளமாகிவிடாது; நோயாளியர் திசுவில் மெய்ப்பிக்கப்படல் வேண்டும்.

அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது பி16 என்னும் புரதம். உயிரணுப் பெருக்கத்தை அடக்குவது ஆர்.பி. என்னும் தடைப்புரதம். வைரசின் ஈ7 புரதம் அதனைச் செயலிழக்கச் செய்கிறது. பெருக்கத்தைத் தடுக்கவேண்டிய பி16 அளவின்றிச் சுரந்தும் பயனில்லை. பிரேக் அறுந்த வண்டியில் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருப்பதை ஒக்கும் இது. அப்பயனற்ற மிகுதியே மருத்துவருக்கு அடையாளமாகிறது. திசுவைச் சாயமேற்றி இதனை அறிகின்றனர்.

எளிய சோதனையின் பயன்

நுண்ணிய ஆய்வு ஒருபுறமிருக்க, எளிய சோதனையும் உயிர்காக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. 2000இல் அங்குத் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையுறும் இடத்தை நோக்கி நோயின் முன்னிலையை அறிந்தனர். சோதனைக்குரிய மகளிர் 49,311 பேர். வந்தோர் 31,343 பேர். அவ்வளவிலேயே இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

வாராதிருந்தோர் ஏறத்தாழ 18,000 பேர் என்பது சிந்திக்கற்பாலது. அடையாளம் எத்துணை நுட்பமானதாயினும் சோதனைக்கு வாராதவரைக் காவாது. மாணவச் செல்வங்களே! முப்பது வயதைக் கடந்த உங்கள் அன்னையரிடமும் அக்காமாரிடமும் இதனை எடுத்துரையுங்கள். நீங்கள் கற்ற தமிழ் ஓர் உயிரைக் காக்குமாயின், அதனினும் சிறந்த பயன் வேறுண்டோ?